ஒரு மேசை, நாலு கரண்டி

யாழ்ப்பாணத்தில் ஐஸ்கிறீமுக்கென்று ஒரு பருவம் இருந்தால் அது நல்லூர்த் திருவிழாதான். கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நடக்கும். அத்தனை நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் ஓடாது. சனம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்கும். மாலைப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதி சுற்றி உள்ளே போனதும் கூட்டம் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி வீதிமணலில் குந்தியிருந்து கச்சான் உடைக்கும். மறுபகுதி பருத்தித்துறை வீதிப் பக்கமாக ஐஸ்கிறீம் கடைகளை நோக்கி நகரும். வேட்டியும் சால்வையுமாக வந்த பெரியவர், பட்டுப் பாவாடை கட்டிய பேத்தி, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து வெயிலில் சிவந்துபோன மருமகன், சைக்கிளில் வந்த நாலு கம்பஸ் பெடியள், எல்லோரும் ஒரே வாசலில் இடம் காலியாகும்வரை நிற்பார்கள்.

உள்ளே போனால் விளக்கு வெளிச்சம் பளீரென்று கண்ணைக் குத்தும். சுவரில் நிறம் நிறமாகப் படங்கள். வெயிற்றர் வந்து நிற்பதற்குள் மேசையில் வாக்குவாதம் தொடங்கிவிடும்.

"என்னடாப்பா எடுப்பம்?"

"எனக்கு ஸ்பெஷல். நீ பலூடா எடு, பாதி தா."

அந்த ஸ்பெஷலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். உயரமான கண்ணாடிக் குவளை. அடியில் சிவப்பும் பச்சையுமாக ஜெலித் துண்டுகள், அதன் மேல் பப்பாசியோ அன்னாசியோ வெட்டிப்போட்ட பழம். பிறகு வனிலா, ஸ்ரோபரி, சொக்லேற் என்று மூன்று நிற உருண்டைகள். மேலே உடைத்த கஜு, நாலைந்து பிளம்ஸ், செருகிய வேபர் ஒன்று. கரண்டி நீளமானது, அடியில் கிடக்கும் ஜெலியை எட்ட வேண்டுமே. முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசமாட்டார்கள். யாழ்ப்பாண வெயிலில் உருண்டைகள் வேகமாக இளகும். மூன்று நிறமும் ஒன்றாகிக் குவளையின் அடியில் இளஞ்சிவப்புப் பாலாக நிற்கும்போதுதான் கதை தொடங்கும். சீனி கூட, நிறம் கூட என்று குறை சொல்பவர்கள் உண்டு. சரிதான், கூடத்தான். ஆனால் இந்தக் குவளையைச் சுவைக்காக மட்டும் யாரும் தேடி வருவதில்லை. ஒரு மணி நேரம் சேர்ந்திருப்பதற்கு இந்த ஊர் தரும் அனுமதிச் சீட்டு இது.

ரியோ, லிங்கன், ராஜா, சுபாஸ். இந்த ஐஸ்கிறீம் கடைப் பெயர்களைச் சொன்னால் குடாநாட்டில் எந்த வயதுக்காரரும் தலையாட்டுவார். நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட இருக்கும் ரியோ வெளிநாட்டுப் பயண வழிகாட்டிகளிலும் இடம்பிடித்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் பேச்சு சுபாஸ் கபேயிலிருந்துதான் தொடங்கும். போருக்கு முந்திய பட்டணத்தின் ஒரு முகவரி அது. பரீட்சை முடிவு வந்த நாள், பெண் பார்த்துச் சம்மதம் சொன்ன நாள், கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்ட நாள் என்று குடும்பத்தின் முக்கிய நாட்களெல்லாம் ஏதோ ஒரு கூல்பாரில் போய் முடிந்த ஊர் இது.

கூல்பார் என்ற சொல்லே இலங்கைத் தமிழரின் நாக்கில் வேறு பொருள் கொண்டது. பெயரில் 'பார்' இருந்தாலும் சாராயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சைவ வீட்டுப் பெண்பிள்ளை தோழிகளோடு தனியாகப் போகிறேன் என்று சொன்னால் தாய் மறுக்காத ஒரே கடை நெடுங்காலம் அதுவாகத்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடை ஆண்களின் இடம். கூல்பார் குடும்பத்தின் இடம். இந்தப் பிரிவை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் உலகம் வேறு. அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வடை, போண்டா, ரோல்ஸ், பற்றிஸ், சூசியம். ஆள் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறையக் கலந்து அடுக்கிக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். தின்றதற்கு மட்டும் காசு; மிச்சம் தட்டோடு திரும்பிப் போகும். எத்தனை எடுத்தீர்கள் என்று கடைக்காரர் துருவிக் கேட்பதில்லை, தின்றவர்தான் சொல்வார். "ரெண்டு ரோல்ஸ், ஒரு வடை, மூண்டு ரீ." அந்தச் சொல்லை நம்பித்தான் கல்லாப்பெட்டி ஓடுகிறது. இலங்கை முழுவதும் உள்ள வழக்கம்தான் இது. என்றாலும் வெளியூரிலிருந்து வருபவர்கள், முன்னால் வந்த முழுத் தட்டையும் தாங்களே கேட்டதாக எண்ணித் திகைப்பதை இன்றும் பார்க்கலாம்.

பிளேன்ரீ என்றால் பாலில்லாத சாயத் தேத்தண்ணி. இஞ்சி தட்டிப் போட்டது வேண்டுமென்றால் அதையும் சொல்ல வேண்டும். பால்ரீ கேட்டால் இரண்டு குவளைக்கிடையில் நீளமாக இழுத்து ஆத்தி, நுரை பொங்கத் தருவார்கள். வீட்டில் என்றால் சீனிக்குப் பதில் பனங்கட்டி. அதைத் தேத்தண்ணியில் கரைப்பதில்லை. ஒரு சிறு துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டு மேலே சூடான சாயத்தைக் குடிப்பார்கள். கரும்புச் சீனிக்கு இல்லாத ஒரு மெல்லிய புகைமணம் அதில் உண்டு. முதலில் தொண்டையில் படுவது இனிப்பு, துவர்ப்பு பிறகுதான்.

பட்டணத்தின் பெரியகடைப் பக்கம் மலாயன் கபே இருக்கிறது. சைவச் சாப்பாட்டுக்குப் பேர்போன பழைய கடை. மாபிள் பதித்த மேசைகள், நீண்ட கண்ணாடி மர அலுமாரிகள், வாழையிலையில் சோறு. சாப்பிட்டு முடிந்ததும் இலையை மடித்துக் கொண்டுபோய்க் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள திறப்பு வழியாகப் போட வேண்டும். வெளியூர்க்காரர் அதைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். பெயரிலுள்ள மலாயாவைக் கேட்டதும் வேறொரு காலம் நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறி, ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கிளாக்கர்களாக வேலை பார்த்தார்கள். அவர்கள் அனுப்பிய காசில் எழுந்த கல்வீடுகள் குடாநாடெங்கும் நிற்கின்றன. 'மலாயன் பென்ஷன்காரர்' என்று ஊரில் ஒரு தனி வகுப்பே இருந்தது.

ஆனால் தேத்தண்ணி யாழ்ப்பாணத்தின் பழங்குடியல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்த பின்னர் மலைநாடு முழுவதும் தேயிலை பரவியது. அதை நட்டதும் கிள்ளியதும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள். அப்போது யாழ்ப்பாணத்து வீட்டு அடுப்பில் கொதித்தது மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த கோப்பி. தடிமன் காய்ச்சலுக்கு இன்றும் அதுதான் முதல் மருந்து. தேயிலை கடைவழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. சந்திக்குச் சந்தி தேத்தண்ணிக் கடை முளைத்தபோது அது வெறும் பானக் கடையாக இருக்கவில்லை. பத்திரிகை உரத்து வாசிக்கப்பட்டதும், தேர்தல் பேசப்பட்டதும், வேலைக்கு ஆள் பிடிக்கப்பட்டதும் அங்கேதான். ஆகவே அந்த வாங்கில் யார் உட்காரலாம் என்பது ஊரில் யாருக்கு இடமுண்டு என்ற கேள்வியாகவே இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இன்று நாலு நண்பர்கள் ஒரே குவளையில் நாலு கரண்டி போடும் ஊரில், நினைவில் உள்ள காலத்திலேயே, தாழ்த்தப்பட்ட சாதியினர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைய முடியாது. அவர்களுக்குத் தேத்தண்ணி வெளியே, போத்தலிலும் தகரப்பேணியிலும் கொடுக்கப்பட்டது. நின்றுகொண்டோ நிலத்தில் குந்தியிருந்தோ குடிக்க வேண்டும். குடித்த போத்தலைத் தாங்களே கழுவி வைக்க வேண்டும். உள்ளே வாங்கில் இருந்தவரும் வெளியே நிலத்தில் இருந்தவரும் காலையில் ஒரே வயலில் வேலை செய்து வந்தவர்களாக இருக்கலாம். கொடுத்த காசும் ஒரே காசுதான்.

அதை எதிர்த்த குரல்களும் பழையவை. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாக எதிர்த்தது. அந்தக் காலத்தில்தான் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. அதற்கு எதிர்ப்பாகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டன. நாற்பதுகளில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை கோயில், கிணறு, தேநீர்க்கடை மூன்றையும் உரிமைக் கேள்விகளாக்கியது. எம். சி. சுப்பிரமணியம் அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர். ஐம்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டணத்தின் தேநீர்க் கடைகளுக்குள் மகாசபையினர் திட்டமிட்டு நுழைந்து உட்கார்ந்தார்கள். சில கடைகள் திறந்தன; சில கடைகள் மறுத்தன. 1957இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பொது இடத்தில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது அதன்படி குற்றம்.

சட்டம் கொழும்பில் நிறைவேறியது. போத்தல் கிராமத்தில் அப்படியே இருந்தது.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியினரின் முன்னெடுப்பில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் தடியடி நடத்தியும் அது கலையவில்லை. அதன் தொடர்ச்சியாகத் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. அடுத்த இரண்டு வருடம் சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று பல இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசம் நடந்தது. சங்கானையில், குறிப்பாக நிச்சாமம் பக்கத்தில், துப்பாக்கியும் குண்டும் வெடித்தன, உயிர்கள் போயின. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் நாடறிந்தது. அதே காலத்தில் நடந்த தேநீர்க்கடைப் போராட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கோயில் வாசல் படத்துக்கு நன்றாக விழும். வாங்கில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி கேட்பது படத்துக்கு விழாது. ஆனால் ஒரு மனிதனின் அன்றாடத்துக்குக் கிட்டவாக இருந்தது இரண்டாவதுதான். கோயிலுக்கு வெள்ளிக்கு வெள்ளி போவார்கள். கடைக்குத் தினம் போக வேண்டும்.

அந்த இயக்கத்தில் நின்றவர்களில் எழுத்தாளர் கே. டானியலும் ஒருவர். அவருடைய 'பஞ்சமர்' நாவல் குடாநாட்டுச் சாதிக் கொடுமையைத் தமிழ் இலக்கியத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அவரது நண்பர் டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை' இலக்கிய இதழைத் தொடங்கி, தன் குடும்பத்தின் முடிதிருத்தும் கடையிலிருந்தே அதை நடத்தினார். எழுத்தாளர்கள் வந்து கூடும் இடமாக அந்தக் கடை இருந்தது. இலக்கியம் பேச ஒரு சலூன் நாற்காலியும் ஒரு கிளாஸ் பிளேன்ரீயும் போதுமாயிருந்த காலம்.

இன்று கூல்பாருக்குள் வரும் இருபது வயதுப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னால் பாதி நம்பாது. அதற்காகவே சொல்ல வேண்டும். சாதி குடாநாட்டை விட்டுப் போய்விடவுமில்லை. 2018இல் வரணியில் ஒரு கோயில் திருவிழாவில், எல்லாச் சாதியினரும் வடம் பிடிக்க வந்துவிடுவார்கள் என்பதற்காகத் தேரை மண் அள்ளும் இயந்திரத்தால் இழுத்த செய்தி நாடெங்கும் போனது. கலியாணப் பேச்சில் அது முதற் கேள்வியாக இன்றும் இருக்கிறது. கடை மேசையில் மட்டும்தான் அது வெளிப்படையாகத் தோற்றது. பக்கத்து மேசையில் யார் என்று கேட்காமல் ஐஸ்கிறீம் தின்ன முடிகிற இந்த நிலையை யாரும் இனாமாகத் தரவில்லை.

பிறகு போர் வந்தது. குளிர்ச்சிக்கு மின்சாரம் வேண்டும். 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, பசளை என்று நீண்ட தடைப்பட்டியல் வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் போட்டுச் செய்த சின்ன விளக்கில் ஒரு தலைமுறை படித்துச் சோதனை எழுதியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சீனி விலை ஏறியபோது பனங்கட்டி பழையபடி எல்லார் வீட்டுக்கும் திரும்பியது; ஒரு துண்டை நாலாக உடைத்து நாலு பேர் தேத்தண்ணி குடித்தார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் பட்டணமும் அடங்கிய வலிகாமம் முழுவதும் ஓரிரு நாளில் வெறுமையானது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். மழையில் நடந்த அந்த இரவில் வழியோர வீடுகளில் கிடைத்த ஒரு வாய் வெறுந்தேத்தண்ணியைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. கேட்டவர் யார் என்று அன்று எவரும் விசாரிக்கவில்லை.

2002இல் சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள்; வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்குப் பின் பெற்றோரைப் பார்க்க வந்தார்கள். கூல்பார்கள் மறுபடி நிரம்பின. 2006 ஓகஸ்டில் வீதி மூடியது. ஊரடங்கும் தட்டுப்பாடும் திரும்பின. பொருள் கப்பலில் வர வேண்டியிருந்தது. 2009இல் போர் முடிந்த பிறகே வழி நிலையாகத் திறந்தது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் நிலையத்துக்குள் வந்து நின்றது.

ஆட்கணக்கு மட்டும் பழையபடி வரவில்லை. 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள் 118,224 பேர் இருந்தார்கள், 2012இல் 88,138. விடுபட்டவர்களில் பலர் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸின் லா சப்பலிலும் இருக்கிறார்கள். லா சப்பலில் நடந்தால் ரோல்ஸும் பால்ரீயும் வடையும் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அங்கேயும் நண்பர்கள் வேலை முடிந்த கையோடு நின்றபடி ஒரு ரீ குடிப்பார்கள். ஊரில் ஆடி மாதம், நல்லூர் கொடியேறிவிட்டது என்று பேசுவார்கள். ஓகஸ்டில் அவர்களே ரிக்கற் எடுத்து வருகிறார்கள். அதனால்தான் திருவிழாக் காலத்து ஐஸ்கிறீம் மேசைகளில் ஒரே குடும்பத்துக்குள் பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மச்சாள்மார் முதன்முறையாக முகம் பார்த்துப் பேசும் இடமும் பெரும்பாலும் அந்த மேசைதான். வீட்டில் பெரியவர்களுக்கு முன் வாய் திறக்காத பிள்ளைகள் ஒரு ஸ்பெஷலுக்கு முன் சரளமாகிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குடாநாட்டின் நல்ல இனிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கடைகளின் பட்டியலில் இல்லை.

ஆடிப்பிறப்பன்று வீட்டில் காய்ச்சும் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. பலா இலையை மடித்துக் கோலி அதில் ஊற்றிக் குடிப்பார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அந்த நாளைப் பாட்டாக்கிப் பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டுப் போனார். பாட்டைப் பாடத் தெரிந்த எத்தனையோ பிள்ளைகள் கூழைக் கண்டதில்லை. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பழத்தைச் சுட்டோ பிசைந்தோ களி எடுத்து, மாவும் சீனியும் சேர்த்துக் கிள்ளிப் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். பொரிக்கிற மணம் மூன்று வீடு தாண்டும். பயத்தம் பணியாரம், அரியதரம், சிப்பி, பால்ரொட்டி எல்லாம் கலியாண வீட்டுப் பலகாரத் தட்டோடு நிற்கின்றன. பருத்தித்துறை வடை மட்டும் சரையிலும் பொதியிலும் உலகம் சுற்றுகிறது. மெல்லியதாகத் தட்டி மொறுமொறுவென்று பொரித்த அந்த வடையோடு ஒரு பிளேன்ரீ குடித்தால் வேறொன்றும் வேண்டாம்.

பனைக்கென்று ஒரு சபையே இருக்கிறது. கே. சி. நித்தியானந்தாவின் முயற்சியால் 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபை பனங்கட்டி, பனங்கற்கண்டு, பனாட்டு, ஒடியல்மா என்று பல பொருட்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கிறிஸ்தவத் துறவிகளின் பக்கமிருந்து தோலகட்டி நெல்லிரசம் வந்தது. 1928இல் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைதாசர் சபையினர், நெல்லிக்காயிலும் முந்திரிகையிலும் ரசம் செய்து விற்றுத் தங்கள் வாழ்வை நடத்தினார்கள். போரில் அந்த மடமும் இடம்பெயர்ந்தது. ரசம் தயாரிப்பதை அவர்கள் விடவில்லை. நெல்லிரசத்தில் குளிர்ந்த தண்ணீர் கலந்து குடித்தால் முதல் மிடறு புளிக்கும், பிறகு பச்சைத் தண்ணீர் கூட இனிக்கும். மாம்பழத்துக்கோ கேட்க வேண்டியதில்லை. கறுத்தக்கொழும்பான் பழுக்கிற மாதங்களில் சந்தை முழுவதும் அதன் மணம்தான்.

இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, கூல்பார்க் குவளையில் விழுவது ஸ்ரோபரி வாசனைச் சாரம். பனங்கட்டிப் பாகு ஊற்றிய ஐஸ்கிறீமும், கறுத்தக்கொழும்பான் பருவத்தில் அந்தப் பழத்திலேயே அடித்த ஐஸ்கிறீமும், புரட்டாதியில் சுடச்சுடப் பணியாரமும் பட்டணத்துக் கடைகளின் நிரந்தரப் பட்டியலில் ஏறினால் அந்தக் கடைகளுக்கும் நல்லது, பனையடியில் வாழும் குடும்பங்களுக்கும் நல்லது. மதுரைக்குப் போகிறவர் ஜிகர்தண்டா குடிக்காமல் திரும்புவதில்லை. யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர் எதைக் குடிக்காமல் திரும்பக் கூடாது என்பதை யாழ்ப்பாணக் கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிய கடைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. போருக்குப் பின் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் எழுந்தது. குளிரூட்டிய அறையில் பொரித்த கோழியும் படமாளிகையும் வந்தன. நல்லூர், திருநெல்வேலிப் பக்கங்களில் கப்புச்சினோ போடும் சிறிய கோப்பிக் கடைகள், கேக் கடைகள், மர வாங்கும் மஞ்சள் விளக்கும் போட்ட தேநீர் இல்லங்கள். அங்கே ஒரு கோப்பி விலைக்குச் சந்திக் கடையில் நாலு பேர் ரீ குடிக்கலாம். ஆனாலும் இளைஞர்கள் போகிறார்கள். மடிகணினியைத் திறந்து வேலை செய்ய இடமிருக்கிறது, எழும்பச் சொல்வாரில்லை. அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நெருக்கமான வீடு, அறைக்கு மூன்று பேர், தனியாக ஒரு நண்பனோடு பேச ஒரு மூலையுமில்லை என்றால் அந்த விலை மேசைக்கான வாடகை.

2022இல் எல்லாக் கடைகளும் ஒன்றாக அடிபட்டன. நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை நின்றது. மார்ச் மாதத்தில் ஒரு பால்தேநீரின் விலை 100 ரூபாவாக ஏறியது. மின்வெட்டு மணிக்கணக்காக நீண்டது; ஐஸ்கிறீம் பெட்டியை எப்படிக் காப்பது என்பது கடைக்காரரின் தினக் கவலையானது. 1990களைக் கண்ட தாய்மார் அந்த நாட்களில் பதறவில்லை என்று பலரும் சொல்வதுண்டு. அவர்கள் விறகு அடுப்பை மறுபடி மூட்டி, பால்மாவை மறந்து, பனங்கட்டியை எடுத்தார்கள். அந்த வருடம் கடைகளில் பிளேன்ரீதான் பெரிதாக ஓடியது.

இப்போது மாலை ஐந்தரைக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போய் நின்றால் ஒரு மாற்றத்தை நேரே பார்க்கலாம். 1974இல் வளாகமாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்க மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விரிவுரை முடிந்து வருகிற கூட்டத்தில் பெண்கள் பாதிக்கு மேல். அவர்கள் கூல்பாருக்குப் போக வேண்டும் என்றில்லை. சந்திக் கடையிலேயே பெடியளோடு பெடியளாக நின்று ரீ குடிக்கிறார்கள். தட்டில் கையை விட்டு ரோல்ஸ் எடுக்கிறார்கள். கணக்கைத் தாங்களே சொல்கிறார்கள். சிங்கள மாணவி ஒருத்தி "இஞ்சி பிளேன்ரீ" என்று தமிழில் கேட்பதும், கடைக்காரர் சிங்களத்தில் மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பதும் அங்கே அன்றாடம்.

சந்தியை விட்டு உள்ளூருக்குள் இரண்டு மைல் போனால் நிலைமை வேறு. அங்குள்ள தேத்தண்ணிக் கடைகளின் வாங்கில் இன்னும் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். வயலில் வெங்காயம் கிண்டிய பெண் நாலுமணிக்கு ரீ வேண்டுமென்றால் பிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள். அல்லது பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் போத்தலில் வாங்குவிக்கிறாள். அவளை உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. வந்து உட்காரச் சொல்வாருமில்லை. பெண்கள் சங்கங்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்கும் பலகாரத்துக்கும் நடத்தும் சிறு உணவகங்கள் குடாநாட்டில் சில இடங்களில் இதை மாற்றத் தொடங்கியிருக்கின்றன. அங்கே ஒடியல்கூழும் குரக்கன் புட்டும் கிடைக்கும், சமைப்பதும் கல்லாவில் இருப்பதும் பெண்கள். வேலை முடிந்து வரும் பெண்கள் வாங்கில் உட்கார்ந்து, தட்டை இழுத்து வைத்து, ஆறுதலாக ரீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.